பின்சீட்டின் கணக்கு

அஞ்சாவது பாயின்ட்டில் வைத்தும்
எர்ணாவூர் பாலம் இறங்குகையில்
டொக்கென்று அடிக்கிறது.
அடி வண்டிக்கு அல்ல, எனக்கு.
முன்னால் இருப்பவருக்கு ஹேண்டில்பார், கண்ணாடி, காற்று.
ஸ்பிரிங்குக்கு நேர் மேலே இருப்பவள் நான்.

டி.எச். ரோட்டில் இம்தியாஸ் கடை.
இரண்டு ஆம்பளைகள் என் எடையைப் பேசுகிறார்கள்.
"அண்ணி ஒரு அம்பத்தஞ்சு இருப்பாங்களா?"
"இருக்கும்."
"நீங்க?"
"அறுபத்தெட்டு."
துறைமுக வேலைக்கு மெடிக்கல் எடுத்தபோது
சீட்டில் எழுதிய அறுபத்தெட்டு அது.
வேலை வரவில்லை.
எடை மட்டும் நிரந்தரமாகிவிட்டது.
"லக்கேஜ்?"
"என்னா, ஒரு கூடை."

ஒரு கூடை.
முப்பது கிலோ மீன்,
சங்கரா, கானாங்கெளுத்தி, கிடைத்த அன்றைக்குக் கொடுவா.
உடைத்த ஐஸ் பன்னிரண்டு கிலோ.
தராசு, படிக்கல், அரிவாள்மனை, உட்காரும் பலகை.
காசிமேட்டில் கட்டும்போது ஒரு பாரம்
மணலி புதுநகர் போய்ச் சேர்கையில் வேறு பாரம்.
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
கோடு போட்டபடி ஒழுகிக்கொண்டே வரும் ஐஸ்.
இதில் எந்தக் கிலோவை இம்தியாஸிடம் சொல்வது?

"அச்சுக்குப் பின்னால தொங்கற ஒரு கிலோ
ஒண்ணரைக் கிலோ மாதிரி" என்றான் அவன்.
பதினோரு வருடமாகக் கூடை என் முதுகைத் தள்ளுகிறது.
எனக்கா சொல்கிறான்.

மறுநாள் விடியற்காலை மூன்றரை.
ஏலத்தில் பெட்டி நிறுக்கும் தராசில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
பூபாலன் கூவினான்:
"எழுபத்தொண்ணு! எழுபத்தொண்ணு! யாரு கேக்கறது?"
ஐஸ் உடைப்பவர்கள் வரை சிரித்தார்கள். நானும்தான்.
"அவரையும் ஏத்து" என்றேன்.
எழுபத்தெட்டரை.
தேசிங்கு தராசைச் சந்தேகப்பட்டார்.
ஈர லுங்கி, ஜேப்பில் சாவி என்றார்.
பத்தரைக் கிலோவுக்கு ஒரு லுங்கி.

கடையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு
பின்அச்சிலிருந்து சீட்டுக் கம்பி வரைக்கும்
டேப் பிடித்தான் இம்தியாஸ்.
பிறகு அவர் மட்டும் உட்கார.
பிறகு நானும்.
பிறகு கூடையும்.
மிச்சம் இருந்தது ஒரு விரற்கடை.
"மொத்த எறக்கத்துல மூணுல ஒரு பங்குதான்
நீங்க உக்காரணும். பாக்கி பள்ளத்துக்கு."

பள்ளத்துக்கென்று பாக்கி வைப்பது.
அரிசி டப்பாவுக்குள் நான் அதைத்தான் வைக்கிறேன்.
இவருக்குத் தெரிந்தால் அதுவும் கேரம் ஸ்டிரைக்கராகிவிடும்.

"ஒத்தையா ஓட்டறது ஜாஸ்தியா, டபுள்ஸா?"
"ஒத்தைதான்" என்றார்.
வாரத்தில் ஆறு விடியல், போக வர முப்பது கிலோமீட்டர்
நான் பின்னால் இருக்கிறேன்.
ஒத்தை என்பது டீக்கடைக்கும் கேரம் கிளப்புக்கும்.
"டபுள்ஸ். கூடையோட" என்றேன்.
சுருக்குப்பை என் இடுப்பில் இருந்தது,
அதனால் கடைக்குக் காது கேட்டது.
"அப்ப தடிமன் கம்பிதான் அண்ணி.
அண்ணன் தனியா போனா தூக்கிப் போடும்."
"போடட்டும்."

மணிக்கூண்டு வரை தனியாக ஓட்டிப் பார்த்தார்.
வேகத்தடைக்கு வேகத்தடை
பின்சக்கரம் வெள்ளாட்டுக் குட்டியாய்த் துள்ளியது.
திரும்பி வந்ததும் நான் ஏறினேன், கூடையை ஏற்றினோம்.
வலை ஏறிய படகுபோல
வண்டி அடங்கி நின்றது.

எர்ணாவூர் பாலம் இறங்கும்போது
பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
பாலம் முடிந்துவிட்டது.
பல்லை விட மறந்து
சுடுகாட்டுத் திருப்பம் வரைக்கும் அப்படியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை விற்பனை இல்லை.
கேரம் ஆடிவிட்டு வந்தவர்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.
"இம்தியாஸ் ஒரு கொக்கி ஸ்பேனர் குடுத்தானே லோகு,
ரெண்டு பாயின்ட் எறக்கிக்கலாமே, எங்க அது?"

கூடையில்,
படிக்கல்லுக்கும் உப்பு மூட்டைக்கும் அடியில்.
தூக்கி நகர்த்தி எடுத்துக்கச் சொன்னேன்.
என்னா, ஒரு கூடைதானே.